வரப்பில் நட்ட பாட்டில்

பெரியப்பா மடையை அடைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்தார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் ஒரே வழி அதுதான். வாய்க்காலிலிருந்து முதலில் அவருடைய ஒரு காணி நிலத்துக்குப் பாயும். அங்கே நிறைந்த பிறகு அந்த மடை வழியாக எங்கள் அரைக் காணிக்கு இறங்கும். எங்களைத் தாண்டினால் வடிகால். அப்பா இருந்தவரை அந்த மடையை அடைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

“தண்ணி வேணும் மாமா. நட்டு இருவது நாளு ஆவுது” என்றாள் அம்மா.

“எதுக்கு? உன் வாத்து நீச்சலடிக்கவா?”

“நெல்லுக்குத்தான்.”

“நெல்லு எங்க இருக்குது அதுல? என் கண்ணுக்கு வாத்துதான் தெரியுது.”

பக்கத்தில் நின்ற செம்பியன் அண்ணன் சிரித்தான். அவன் பெரியப்பாவின் மகன். புவனகிரியில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறான். கடையில் எந்தப் பூச்சிமருந்து விற்காமல் கிடக்கிறதோ அது அந்த வாரம் பெரியப்பா வயலில் அடிக்கப்படும் என்று ஊரில் சொல்வார்கள்.

“சித்தி, அடுத்த போகத்துக்கு முதலைய எறக்கு. பிச்சாவரம் வர்ற டூரிஸ்ட்டெல்லாம் படக வுட்டுட்டு இங்க வந்துருவான்” என்றான்.

வாத்துகளைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டி வந்தோம். வயலில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது.

அப்பா ஆனி மாதத்தில் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போட்ட பந்தலைப் பிரிக்கும் முன்பே வயல் பேச்சு வந்துவிட்டது. ஒரு பொம்பளை, ஒரு பொட்டப்பிள்ளை, இவர்களுக்கு எதற்கு வயல், என்னுடையதோடு சேர்த்து நானே உழுதுகொள்கிறேன், சாப்பாட்டுக்கு நெல் கொடுத்துவிடுகிறேன் என்றார் பெரியப்பா. கேட்பதற்கு நல்லதாகத்தான் இருந்தது. வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அம்மா மட்டும் எழுந்து, “எனக்கு நடத் தெரியும், களை எடுக்கத் தெரியும், அறுக்கத் தெரியும். ஓட்டறதுக்கு டிராக்டர் வாடகைக்கு வருது. அதுக்கு மேல எனக்கு என்னா தெரியணும்?” என்று கேட்டாள்.

வைத்திலிங்கம் மாமா அப்பாவின் தங்கையைக் கட்டியவர். ஒரு முறை வார்டு மெம்பராக இருந்தவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் கடைசி. அவர் அம்மாவையும் பெரியப்பாவையும் பார்த்துச் சொன்னார்: “இந்தச் சம்பா ஒரு போகம் மங்கலம் செஞ்சி பாக்கட்டும். வெளஞ்சா வயலு அவளோடது. வெளையலன்னா தங்கராசு எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது.”

ஒரே ஒரு போகம். பெரியப்பா உடனே சரி என்றார். அவர் அவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பை அந்த மாதமே விட்டேன். அம்மா நிற்கச் சொல்லவில்லை. நானே நின்றுகொண்டேன். நான் வரவில்லை என்று வகுப்பில் தெரிவதற்கே ஒரு வாரம் ஆகியிருக்கும்.

வாத்து அம்மாவின் யோசனை. லால்பேட்டைப் பக்கம் நடவுக்குப் போன வருடங்களில் அவள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். வாத்துக் கூட்டம் மேய்ந்த வயலில் களை பறிக்க ஆள் கூப்பிட மாட்டார்கள். நட்ட பயிருக்குள் வாத்தை விட்டால் பயிரை மிதித்துவிடாதா என்று அங்கே வாத்து வளர்க்கும் ஒரு பாயிடம் கேட்டிருக்கிறாள். வேர் பிடித்த பிறகு விட்டால் மிதிக்காது, வாத்துக்கு நெல் இலை ருசிக்காது, புல்லும் நத்தையும் பூச்சியும்தான் ருசி என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரிடமே ஐம்பது குஞ்சுகளை வாங்கி வந்தாள். கிள்ளையிலிருந்து கிழிந்த மீன்வலை கொண்டு வந்து வயலைச் சுற்றிக் கட்டினோம்.

வாத்துகளை ஓட்டிப் போகும் தெருவில்தான் பெரியப்பா வீடு. ஜெயராணிப் பெரியம்மா தினமும் அந்த நேரம் பார்த்து வாசல் கழுவுவாள். சோப்புத் தண்ணீரை நேராக வாத்துகள் மேல் ஊற்றுவாள். “நாத்தம் தாங்கல. மனுஷன் குடியிருக்கிற தெருவா இது?” என்பாள். என்னைப் பார்த்தால், “பெயிலு போவுது பாரு, படையோட” என்பாள். நான் எந்தப் பரீட்சையிலும் பெயில் ஆனதில்லை. அதை அவளிடம் சொன்னதில்லை.

ஒரு நாள் செம்பியன் அண்ணன் பைக்கைத் திருப்பும்போது ஒரு வாத்து சக்கரத்தில் மாட்டிச் செத்தது. தெரியாமல் நடந்ததாகத்தான் சொன்னான். செத்த வாத்தை அவனே எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் அவர்கள் வீட்டிலிருந்து குழம்பு வாசனை வந்தது. மறுநாள் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் நின்று, “உப்பு சரியா இருந்துச்சாக்கா?” என்று கேட்டாள்.

“உப்பு சரி. காரம்தான் ஜாஸ்தி” என்றாள் பெரியம்மா, வாளியைக் கவிழ்த்துக்கொண்டே.

மடை அடைபட்ட நான்காம் நாள் ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்தது. பெரியப்பா வயலில் தண்ணீர் பயிரின் கழுத்துக்கு ஏறியது. அவர் தண்ணீர் வடிவதற்கும் எங்கள் வயலை விட்டால் வேறு வழி கிடையாது. குடையைப் பிடித்துக்கொண்டு வந்து, தானே அடைத்த மடையைத் தானே காலால் உதைத்துத் திறந்தார். அம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று மாலைக்குள் ஆறு வாத்துகள் செத்தன. மழைக்கு முந்தின நாள் அவர்கள் வயலில் பூச்சிக்குக் குருணை மருந்து போட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் எங்கள் வயலில் இறங்கியிருந்தது.

அம்மா செத்த ஆறையும் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வைத்திலிங்கம் மாமா வீட்டு வாசலில் கொட்டினாள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து முகத்தைச் சுளித்தார். பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பினார்.

“என் வயல்ல நான் மருந்து போட இவ கிட்ட லைசென்ஸு வாங்கணுமா மச்சான்?” என்றார் பெரியப்பா.

“லைசென்ஸு வேணாம். தகவலு வேணும்” என்றார் மாமா.

அப்படி ஒரு ஏற்பாடு வந்தது. மருந்து அடித்தால் அந்த மருந்தின் காலி பாட்டிலை ஒரு குச்சியில் கவிழ்த்து மடை ஓரம் வரப்பில் நட வேண்டும். பாட்டில் நிற்கும்வரை நாங்கள் வாத்தை இறக்கக் கூடாது. மருந்து வேகம் அடங்கியதும் அவர்கள் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் இப்படிச் செய்வார்கள், புல் அறுக்க வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக. பெரியப்பா இதற்கும் உடனே சரி என்றார்.

மறுநாள் காலை பாட்டில் நின்றது. அதற்கு மறுநாளும் நின்றது. ஒன்பது நாள் ஆகியும் நின்றது. வாத்துகள் கொல்லையில் அடைந்து கிடந்து கத்தின. எங்கள் வயலில் கோரை தலைகாட்டியது. அவர்கள் யாரும் மருந்து அடித்து நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் அடிக்கவில்லை என்று எப்படித் தெரியும்? ஆறு வாத்தைப் பறிகொடுத்த பிறகு தைரியம் வரவில்லை.

“பொய்ப் பாட்டிலு” என்றாள் அம்மா. “மருந்து அடிக்காமயே நம்மள கட்டிப் போட்டுட்டான்.”

வழியையும் அவளே கண்டுபிடித்தாள். கடைகளில் மிட்டாய் போட்டு வைக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்று வீட்டில் இருந்தது. வாய்க்காலில் துணியைப் போட்டுப் பொடிமீன் பிடித்து ஒரு சட்டியில் வளர்த்தோம். தினமும் விடிந்ததும் நான் மடைக்குப் போவேன். பெரியப்பா வயல் பக்கத்திலிருந்து டப்பாவில் தண்ணீர் மொண்டு அதில் ஐந்து மீனை விட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்வேன். மருந்து இருந்தால் மீன் சுற்றிச் சுற்றி வந்து மல்லாந்துவிடும். இல்லையென்றால் சும்மா நீந்தும். வெயில் ஏறும் வரை நீந்தினால் வாத்தை இறக்கலாம்.

முதல் நாளே ஐந்தும் நீந்தின. அம்மா பாட்டிலுக்குப் பக்கத்திலேயே வலையைத் தூக்கி வாத்துகளை இறக்கினாள். பெரியப்பா ஓடி வந்தார்.

“பாட்டிலு நிக்குது, கண்ணு தெரியலயா?”

“பாட்டிலு நிக்குது. மீனு நீந்துது. நான் மீனத்தான் நம்புவேன்.”

அவர் டப்பாவைக் காலால் தட்டிவிட்டார். நான் மீன்களைப் பொறுக்கினேன். நான்குதான் கிடைத்தன. அன்றிலிருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வாத்துகள் வேலை செய்யும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வரிசைக்கு நடுவே நுழைந்து போகும். அலகைச் சேற்றில் ஆழமாக விட்டுத் துழாவும். தண்ணீர் எப்போதும் கலங்கியே இருக்கும். கலங்கிய தண்ணீரில் கோரை முளைக்கவில்லை. முளைத்ததும் மிதியில் அமுங்கிப் போனது. பயிரின் தூரில் ஒட்டியிருக்கும் பூச்சியை ஒவ்வொரு தூராக அலகால் உருவிக்கொண்டு போகும். தின்றதை அங்கேயே கழிக்கும். இரண்டாம் முறை யூரியா போடவில்லை. போடாமலேயே பயிர் கறுத்து நின்றது. கார்த்திகை பிறந்தபோது வரப்பிலிருந்து பார்த்தால் எங்கள் பயிர் கரும்பச்சை. பெரியப்பா பயிர் வெளிர்பச்சை. அவர் மூன்று முறை யூரியாவும் நான்கு முறை மருந்தும் போட்டிருந்தார்.

பிறகு அவர் வயலில் புகையான் பூச்சி விழுந்தது. நடு வயலில் முதலில் ஒரு தட்டு அளவுக்குப் பயிர் காய்ந்தது. அடுத்த நாள் அது முறம் அளவு. வெந்நீரை ஊற்றிய மாதிரி வட்டம் வட்டமாக வெந்துகொண்டே போனது. தூரில் பழுப்பு நிறத்தில் பூச்சி அப்பிக் கிடந்தது. செம்பியன் அண்ணன் கடையிலிருந்து புதிது புதிதாகக் கொண்டு வந்து அடித்தான். அடிக்க அடிக்க வட்டம் பெரிதானது. அவர்கள் வீட்டுச் சண்டை தெருவுக்குக் கேட்டது.

“உன் மருந்துதான்டா பூச்சிக்குச் சோறு. இனிமே என் வயல்ல மெஷினத் தூக்கிக்கினு எறங்கினா கால ஒடைப்பேன்” என்று பெரியப்பா கத்தினார்.

“அப்ப சித்தி கிட்ட போயி வாத்து வாடகைக்குக் கேளு” என்றான் அண்ணன்.

அதற்குப் பெரியப்பா சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

எங்கள் வயலில் புகையான் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. வாத்து தின்றது.

பெரியப்பா அந்தத் திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார். எங்கள் வாத்துகளின் எச்சத்தால் அவர் வயல் தண்ணீர் கெட்டுவிட்டதாக மனு. பள்ளத்தில் இருக்கும் எங்கள் தண்ணீர் மேலே ஏறி அவர் வயலுக்கு எப்படிப் போகும் என்று அங்கே யாராவது கேட்டார்களா தெரியவில்லை. கடலூர் பஸ்ஸில் போனவர் சாயங்காலம் இருட்டிய பிறகுதான் வந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மடைக்குப் போனேன். வரப்பில் பாட்டில் இல்லை. ஏற்பாடு வந்த நாளிலிருந்து அந்த இடத்தைப் பாட்டில் இல்லாமல் பார்த்ததே கிடையாது. எல்லைவரப்பில் நாங்கள் கட்டியிருந்த வலை அவிழ்ந்து ஓரமாகச் சுருண்டு கிடந்தது. மடையை அகலமாக வெட்டியிருந்தார்கள். மடைக்கு அந்தப் பக்கம் அவர் வயல் ஓரத்தில் தவிடு தூவியிருந்தது. பெரியப்பா கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வயலைப் பார்க்கிறவர் மாதிரி நின்றார்.

எனக்குப் பயமாக இருந்தது. டப்பாவில் தண்ணீர் மொண்டு மீனை விட்டேன். அம்மா வாத்துகளோடு வந்து சேர்ந்தாள். தவிட்டைப் பார்த்ததும் வாத்துகள் பரபரத்தன. அம்மா கம்பைக் குறுக்கே நீட்டி நிறுத்தினாள்.

“பாட்டிலு எங்க மாமா?”

“மருந்து அடிச்சாத்தான பாட்டிலு? அடிக்கல. எடுத்துட்டேன்.”

“வலை?”

“காத்துல அவுந்திருக்கும்.”

“தவிடும் காத்துல வந்துச்சா?”

அவர் திரும்பவில்லை. என் மடியில் டப்பா இருந்தது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து வட்டமடித்தது. பிறகு இன்னொன்று. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐந்தும் மல்லாந்து வெள்ளை வயிற்றைக் காட்டின.

“அம்மா, மீனு செத்துப்போச்சு.”

பெரியப்பா இப்போது திரும்பினார். “உன் பொண்ணு மூச்சு பட்டுச் செத்திருக்கும்.”

அம்மா கத்தினாள். “தவிடு போட்டுக் கூப்புட்டு வச்சிக் கொல்லப் பாக்கிறியா? மிச்சம் இருக்கிறதயும் தீத்துட்டா வயலு உனக்கு வந்துரும்னா?”

அவர் முகம் போன விதத்தை நான் பார்த்தேன். அது மாட்டிக்கொண்டவரின் முகம் இல்லை. வாய்விட்டுக் கேட்க மனசு வராமல் அவர் அந்த வாத்துகளுக்கு வழி வெட்டி, தவிடு தூவி வைத்திருக்கிறார். தானாக வழி தவறி வந்த மாதிரி வந்து பூச்சியைத் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நின்றிருக்கிறார். அதைப் போய்க் கொலை என்று சொல்லிவிட்டாள் அம்மா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

“மருந்தா? என் வயல்ல மருந்தா?” என்று குனிந்தார். இரண்டு கையாலும் மடைத் தண்ணீரை அள்ளினார். “இந்தா, குடிக்கிறேன் பாருடி.”

கை வாய்க்குப் பக்கத்தில் போனபோது அம்மா கம்பை வீசினாள். மணிக்கட்டில் பட்டது. தண்ணீர் சிதறியது. வாத்துகள் எல்லாம் ஒன்றாகத் திரும்பித் தெருப் பக்கம் ஓடின. அவற்றுக்குப் பின்னால், “என்னக் கம்பால அடிச்சிட்டா, வாத்து மேய்க்கிற கம்பால அடிச்சிட்டா” என்று பெரியப்பா கத்திக்கொண்டே போனார்.

பத்து மணிக்குப் பெரியப்பா வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் எல்லாரும் கூடிவிட்டார்கள். வைத்திலிங்கம் மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

“அடிச்சியா மங்கலம்?”

“அடிச்சேண்ணா.”

“எதுக்கு?”

“மருந்துத் தண்ணிய வாய்கிட்ட கொண்டுபோனாரு.”

“மருந்தே அடிக்கலன்னு சொல்றாரே?”

எல்லாரும் செம்பியன் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் கொட்டகைத் தூணில் சாய்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். “நேத்து நான் வயலு பக்கமே போவல” என்றான்.

நான் டப்பாவை எடுத்துக் காட்டினேன். மூடியைத் திறந்து மாமாவிடம் நீட்டினேன். “சுடுதண்ணியில போட்டுக் கொண்டாந்திருக்குது பெயிலு” என்றான் அண்ணன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

வைத்திலிங்கம் மாமா தொண்டையைச் செருமினார். “வயலு பேச்சு வேற மங்கலம். ஆனா புருஷனோட அண்ணனக் கம்பால அடிச்சிட்டு வந்து நின்னா, நான் உனக்காக எந்த வாயால பேசறது?”

“பேச வேணாம் மச்சான்” என்றார் பெரியப்பா. மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முட்டியின் மேல் வைத்திருந்தார். “அறுப்பு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே முடிச்சிடு.”

யாரும் அம்மா பக்கம் பேசவில்லை. மாமா சரி என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கொட்டகையில் பெரியம்மாவின் கறவை மாடு தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மடை ஓரத்து வரப்புப் புல்ல ஒரு கட்டு அறுத்தாந்து இந்த மாட்டுக்குப் போடுங்க” என்றாள். “தின்னுட்டு மாடு நல்லபடியா நின்னுச்சுன்னா வயல இன்னிக்கே எழுதித் தர்றேன். நானும் எம்பொண்ணும் இந்தத் தெருவுலயே இருக்க மாட்டோம்.”

மாமா பெரியப்பாவைப் பார்த்தார். “சரியா தங்கராசு?”

“சரிதான். ஜெயராணி, போயி அறுத்தா.”

பெரியம்மா யோசிக்கவே இல்லை. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு அரிவாளை எடுத்தாள். “இவ சவடாலுக்கு என் மாடு சாவாது” என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் அந்த வரப்பில்தான் அவள் புல் அறுப்பாள். மகன் மருந்து இல்லை என்று சொன்னால் அவளுக்கு இல்லைதான்.

செம்பியன் அண்ணன் போனைப் பையில் வைத்தான். மறுபடி எடுத்தான். “வெயில்ல அம்மாவ எதுக்கு அலைய வுடறீங்க? இதெல்லாம் ஒரு பஞ்சாயத்தா?” என்றான். அவன் கொட்டகைக்கும் வாசலுக்கும் இரண்டு முறை நடந்தான். மாட்டின் நெற்றியில் கை வைத்தான். எடுத்தான்.

பெரியம்மா தலையில் கட்டோடு வந்தாள். புல் பச்சையாக, ஈரத்தோடு இருந்தது. மாடு தூரத்திலேயே நாக்கை நீட்டியது. அவள் கட்டை அவிழ்த்து ஒரு கை அள்ளித் தொட்டியில் போடக் குனிந்தாள்.

“போடாதம்மா.”

அண்ணன் அதைப் பிடுங்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தான். மீதிக் கட்டையும் காலால் தள்ளினான். பெரியம்மா குனிந்தபடியே நின்றாள்.

“எப்படா அடிச்ச?” என்று கேட்டார் மாமா.

“நேத்து சாயங்காலம். அவரு கடலூர் போயிருந்தப்ப. புது மருந்து, அடிச்சா நின்னுடும்னு சொன்னாங்க. சொன்னா அவரு வுட மாட்டாரு.” அவன் தரையைப் பார்த்துப் பேசினான். “அவரு காலையில பாட்டில எடுப்பாருன்னு எனக்கு என்னா தெரியும்?”

பெரியம்மா நிமிர்ந்தாள். “அந்தத் தண்ணிய அள்ளின கையாலதான்டா காலையில இட்லி தின்னாரு. எதிர்லதான உக்காந்திருந்த? மாட்டுக்குத் தொறந்த வாயி அப்பனுக்குத் தொறக்கலயேடா.”

பெரியப்பா எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. தெருக் குழாய்க்குப் போய்க் கையைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். வீங்கிய மணிக்கட்டைத் தேய்க்கும்போது மட்டும் மெதுவாகத் தேய்த்தார். வைத்திலிங்கம் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பேசின பேச்சு பேசினதுதான். அறுப்பு வரைக்கும் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றிலிருந்து பாட்டிலை வரப்பில் நட்டதும் எடுத்ததும் பெரியம்மாதான். வீட்டு ஆண்கள் யாரையும் அவள் தொடவிடவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பெரியப்பா எல்லை வரப்பில் வந்து நின்றார். வானத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“பழைய தண்ணிய வடிச்சிட்டு புதுசு வச்சிருக்கேன். பாட்டிலு இல்ல. வாத்த இந்தப் பக்கம் விடு.”

அம்மா எங்கள் பயிரில் ஒரு தூரைப் பிடித்து இலையை விரித்தாள். உள்ளேயிருந்து பால் மணத்தோடு கதிரின் நுனி வெளியே தெரிந்தது.

“கதிரு தள்ளிடுச்சி மாமா. இனிமே எறக்கினா நெல்லத்தான் திங்கும். எங்க வயல்லேருந்தே நேத்தோட வாத்த ஏத்திட்டேன். கேக்கறவரு பதினஞ்சி நாளு முன்ன கேட்டிருக்கணும்.”

“நான் கேக்கல. சொல்றேன்.”

“அப்ப எனக்குக் காது கேக்கல.”

தையில் அறுப்பு. அறுவடை மெஷின் எங்கள் வயலுக்கு வர வேண்டுமானால் பெரியப்பா வயலில் இறங்கித்தான் வர வேண்டும். “என் மண்ணுல சக்கரம் படக் கூடாது” என்று அவர் குறுக்கே நின்றார். அவர் வயலை மட்டும் மெஷின் அறுத்துவிட்டுப் போனது. காணியில் பாதி வெந்த வட்டங்கள். அங்கே மெஷின் வைக்கோலைத் தவிர ஒன்றும் அறுக்கவில்லை.

அம்மாவும் நானும் அவளோடு நடவுக்குப் போகும் ஆறு பெண்களும் கையால் அறுத்தோம். மூன்று நாள் ஆனது. இடுப்பு விட்டுப்போனது. களத்தில் அடித்துத் தூற்றிக் குவித்ததை வைத்திலிங்கம் மாமா வந்து பார்த்தார். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். ஊதினார். பதர் பறக்கவில்லை.

ரோட்டோரம் நின்ற பெரியப்பாவுக்குக் கேட்கிற மாதிரி, “வயலு மங்கலத்தோடது. இதோட முடிஞ்சுது” என்றார்.

“வாத்துப் பீயில வெளஞ்ச நெல்லு. சோறு நாறும்” என்று பெரியப்பா சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் இல்லாமல் போனார்.

மாசியில் ஒரு நாள் காலை பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அவர்கள் வயல் வைக்கோல் மெஷினில் துண்டு துண்டாகிச் சேற்றில் கலந்து கிடந்தது. பூச்சியால் கறுத்ததை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாக ஊரில் பேச்சு. எங்களுடையது கையால் அறுத்தது. ஆள் உயரத்துக்கு முழு நீளத்தில் போராக நின்றது.

“வைக்கோல என்னா பண்ணப் போற?”

“கொளுத்தப் போறேன்” என்றாள் அம்மா.

“கொளுத்து. எனக்கென்னா.” பெரியம்மா நகரவில்லை. “உன் வயலுக்கு எரு வேணுமா, வேணாமா?”

அம்மா வைக்கோல் போரைப் பார்த்தாள். வாத்துகள் இப்போது முட்டையிடுகின்றன. கிள்ளையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்த நாற்றங்காலுக்கு வாத்து எச்சம் மட்டும் போதாது.

“ஒரு கட்டுக்கு ரெண்டு கூடை” என்றாள்.

“ரெண்டு கூடை.”

முதல் நாள் வந்த கூடைகளை நான்தான் வயலில் கொட்டினேன். மேலே எரு, அடியில் உடைந்த செங்கல். அம்மா செங்கலைப் பொறுக்கி வந்து வாத்துக் கூண்டுக்கு முட்டுக் கொடுத்தாள். மறுநாள் கொடுத்த கட்டின் நடுவில் போரின் அடியில் மழையில் அழுகிய வைக்கோலை வைத்துக் கட்டினாள். சாயங்காலம் பெரியம்மா வீட்டிலிருந்து திட்டு கேட்டது. யாரைத் திட்டுகிறாள் என்று பெயர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கூடையில் செங்கல் இல்லை. நன்றாக மக்கிய எரு, கறுப்பாக, உதிர்ந்தது. ஆனால் கூடை சின்னதாக இருந்தது.

அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வைக்கோல் கட்டை எடுத்துப் பாதியை உருவிப் போட்டுவிட்டு, மீதியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கினாள்.